கை நனையும் இடம்

நீச்சல் குளங்களுக்குத் தரைப்பூச்சும் விளிம்புக்கல்லும் போடுவது என் தொழில். பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் என்னைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். வேலை சுத்தம், கோபம் மூக்குக்கு மேல். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்தக் கோபத்துக்குப் பாதிக் காரணம் குளம் கட்டுகிறவர்கள். கைப்பேசியில் ஏதோ ஒரு படத்தை நீட்டி, "எனக்கு இந்த நீலம்தான் வேணும்" என்பார்கள். அது பூச்சின் நீலம் இல்லை, அன்றைக்கு மேலே இருந்த வானத்தின் நீலம் என்று சொன்னால் முகம் சுண்டிப்போகும். காலால் மிதிக்கப்போகிற தரையைக் கண்ணால் தேர்ந்தெடுக்கிறவர்களிடம் பொறுமையாகப் பேச எனக்கு இன்றுவரை வரவில்லை.

அதனால் ஒரு விதி வைத்திருக்கிறேன். நான்கு பலகைகளில் நான்கு வகைப் பூச்சைப் பூசி எடுத்துப் போவேன். வீட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றி, காலை நனைத்துக்கொண்டு, கண்ணை மூடி அவற்றின் மேல் நடக்க வேண்டும். பலகைகளை நான் முன்னும் பின்னுமாக மாற்றி வைத்துவிடுவேன். இது சொரசொரப்பு, இது வழவழப்பு, இதில் நிம்மதியாக நிற்கலாம், இதில் கால் இடறும் என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பூச்சுக் கரண்டியைத் தொட மாட்டேன். எனக்குக் கலவை போட்டுத் தருகிற என் தம்பி இதை "அக்காவோட பரீட்சை" என்பான். அவனுக்கு நாற்பது வயதாகிறது. என்னிடம் திட்டு வாங்காமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

லிஃப்டுக்காரர் வீட்டிலும் இந்தப் பரீட்சையைத்தான் வைத்தேன்.

அவர் லிஃப்டுகளைப் பரிசோதிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் மாடி மாடியாக ஏறி, கம்பி, பிரேக், கதவு என்று பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர். எதையும் மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். நாங்கள் கொண்டுபோன ஏணியைக்கூட இழுத்துப் பார்த்தார். தம்பி அதில் பத்து வருடமாக ஏறிக்கொண்டிருக்கிறான் என்று சொன்னேன். "பத்து வருஷமாவா? அப்ப இன்னும் நல்லா பாக்கணும்" என்று மறுபடியும் இழுத்தார்.

அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருடம் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். எல்லோருக்கும் அவர் டீச்சர், கணவருக்கும் டீச்சர்தான். சர்க்கரை நோயால் அவருக்குக் கால் விரல்கள் மரத்துப்போயிருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் பொதுக் குளத்தில் இறங்கும்போது படியைத் தவறவிட்டு விழுந்து, இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. லிஃப்டுக்காரர் ஓய்வு பெற்றதும் செய்த முதல் வேலை, வீட்டுக்குப் பின்னால் டீச்சருக்காகப் படியே இல்லாத ஒரு குளத்தைத் தோண்டியது. கடற்கரையில் இறங்குவதுபோலத் தரை மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் போகும். எட்டடி நடந்தால் ஓரடி ஆழம். காங்கிரீட் வேலையை வேறு ஆட்கள் முடித்துவிட்டார்கள். தரைப்பூச்சும் விளிம்பும்தான் பாக்கி.

லிஃப்டுக்காரர் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினார். நான்கு பலகையிலும் மாறி மாறி நின்று, குதித்தும் பார்த்துவிட்டு, கூழாங்கல் பூச்சைப் பிடித்துக்கொண்டார். சின்னச் சின்னக் கற்கள் மேலே துருத்திக்கொண்டு நிற்கிற பூச்சு அது. காலைக் கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் மிருதுவான காலைக் கொஞ்சம் உரசும்.

"இதுதான். யானை வந்து நடந்தாலும் வழுக்காது" என்றார்.

"டீச்சர் யானை இல்லையே சார்" என்றான் தம்பி. நான் அவனை முறைத்தேன்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக நடந்தார். எது கூழாங்கல், எது வழவழப்பு என்று நான்கையும் சரியாகச் சொன்னார். எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன். "எல்லாமே நல்லாதான் இருக்கு" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. இப்படி மழுப்புகிறவர்கள்தான் வேலை முடிந்த மறுநாள் கூப்பிட்டு, வேறு மாதிரி இருந்திருக்கலாமோ என்று இழுப்பார்கள். இன்னொரு தடவை நடங்கள் என்றேன். நடந்தார். "அவருக்குப் பிடிச்சதே இருக்கட்டுமே" என்றார். சரி, புருஷன் சொன்னால் தலையாட்டுகிற ரகம் என்று மனதுக்குள் முத்திரை குத்திவிட்டேன். எவ்வளவு பெரிய தப்பு என்று அடுத்த கால் மணி நேரத்தில் தெரிந்தது.

லிஃப்டுக்காரர் அளவு டேப்பை எடுக்க உள்ளே போனார். நான் விளிம்புக்கல் மாதிரிகளைக் காட்டினேன். காலையிலிருந்து அவை வெயிலில் கிடந்தன. டீச்சர் கறுப்புக் கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டு, கல்லின் ஓரம் கூராக இருந்தால் நல்லதா, உருட்டியிருந்தால் நல்லதா என்று கேட்டார். உருட்டியதுதான் நல்லது, கை பிடிக்கவும் வசதி, பட்டாலும் கிழிக்காது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் தெரியாது. ஓரத்தைத் தொட்டுக் காட்டுவதற்காக செருப்பை விட்டு அதே கல்லில் ஒரு காலை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தேன். தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

டீச்சரும் சிரித்தார். அந்தக் கல்லின் மேல் நின்றபடியே சிரித்தார்.

"டீச்சர், கல் சுடலையா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். கல் கொதிக்கிறது என்பது என் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. தம்பியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நான் அவரைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, பலகை நனைக்க வைத்திருந்த வாளிக்குள் இரண்டு காலையும் இறக்கினேன். உள்ளங்கால் முழுக்கச் சிவந்திருந்தது. கொப்புளம் வரவில்லை, இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் வந்திருக்கும்.

உள்ளேயிருந்து லிஃப்டுக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டது.

"அவர்கிட்ட சொல்லாதீங்கம்மா" என்றார் டீச்சர், உதடு அசையாமல்.

"என்ன டீச்சர், மறுபடியும் காலை நனைச்சாச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் அவர்.

"முதல் தடவை ஃபெயில் பண்ணிட்டாங்க. திரும்ப எழுதுறேன்" என்று டீச்சர் சிரித்தார். லிஃப்டுக்காரரும் சிரித்துக்கொண்டே டேப்பை விரித்தார். அவர் அளந்து சொன்ன எந்த எண்ணும் என் காதில் விழவில்லை.

மறுநாள் டீச்சர் தனியாக என் கிடங்குக்கு வந்தார். சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னார். விரல் மட்டும் மரத்திருக்கிறது என்றுதான் கணவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் கணுக்கால்வரை ஒன்றும் தெரிவதில்லை, ஒன்றரை வருடமாக.

"அப்ப பரீட்சையில எப்படி நாலையும் சரியா சொன்னீங்க?"

"காதுதான். கூழாங்கல் மேல கால் வெச்சா நறநறன்னு கேக்கும். வழவழப்புல பச்சக்குன்னு ஒட்டும். பரீட்சையில பசங்க எப்படியெல்லாம் ஏமாத்துவாங்கன்னு இருபத்தஞ்சு வருஷம் பார்த்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினெட்டு வருடத்தில் என் பரீட்சையில் யாரும் காப்பி அடித்ததில்லை.

"சார்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா குளத்தை மூடிடுவார். அவர் பயப்படுற ஆளும்மா. நான் மாடிப்படி ஏறினா பின்னாலயே வர்றார். குளிக்கப் போனா கதவுக்கு வெளியில நிக்கிறார். அன்புதான், இல்லைன்னு சொல்லல. ஆனா ரெண்டு வருஷமா யாராவது ஒருத்தர் என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்காங்க." அவர் தன் முழங்கையைத் தடவிக்கொண்டார். "தண்ணிக்குள்ள போயிட்டா எனக்குக் கால் வேண்டாம். அங்க நான் பழைய ஆள்தான். அதுவரைக்கும் யாரும் பிடிக்காம நானே நடந்து போகணும். அவ்வளவுதான் என் ஆசை."

நான் கூழாங்கல் பூச்சைப் பற்றிச் சொன்னேன். அது அவர் காலைத் தேய்த்துத் தோலை உரித்தாலும் அவருக்குத் தெரியாது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு இறங்கலாமே என்றேன்.

"செருப்பு போட்டா, எதுக்குன்னு கேப்பார். கூழாங்கல் வேண்டாம்னு சொன்னாலும் எதுக்குன்னு கேப்பார். பரவாயில்லம்மா, நான் பார்த்துக்கறேன்."

"எப்படிப் பார்த்துப்பீங்க? உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்று கத்திவிட்டேன். "சர்க்கரைக்காரங்களுக்குக் கால்ல ஒரு புண் வந்தா எங்க போய் நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? காலையே எடுக்க வேண்டியிருக்கும் டீச்சர்."

அவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். எனக்கு என் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கோபம் வந்தால் நான் நியாயத்தைத்தான் பேசுகிறேன், ஆனால் ஆளைப் பார்த்துப் பேசுவதில்லை. மன்னிப்புக் கேட்டேன். கணவரிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன். பூச்சை மட்டும் நானே எப்படியாவது மாற்றிவிடுகிறேன், நைசான மணல் பூச்சு வழுக்காது, காலையும் உரசாது என்றேன்.

எப்படியாவது என்று சொன்னேனே தவிர, பொய் சொல்வதில் எனக்குத் திறமை கிடையாது. அன்று சாயங்காலமே லிஃப்டுக்காரருக்குப் போன் செய்து, கூழாங்கல் சரக்கு இப்போதைக்குக் கிடைக்காது, வர மூன்று மாதம் ஆகும், மணல் பூச்சு போட்டுவிடலாமா என்று கேட்டேன். "அப்படியா? சரிம்மா, நான் யோசிக்கிறேன்" என்றார். யோசிக்கவில்லை. நான்கு கடைகளுக்குப் போன் செய்திருக்கிறார். ஐந்தாவது கடையில் சரக்கு இருந்தது. மறுநாள் காலை நான் போனபோது, அவர் வீட்டு வாசலில் கூழாங்கல் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"உங்களுக்கு அலைச்சல் வேண்டாமேன்னு நானே வரவழைச்சுட்டேன்" என்றார் சந்தோஷமாக. ஒரு மூட்டையைப் பிரித்து, கற்களை உள்ளங்கையில் எடுத்து, பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். "டீச்சர் ஒரு தடவை விழுந்தா. இன்னொரு தடவை விழக்கூடாதும்மா." இந்த மனுஷனிடம் பொய் சொல்லிவிட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பூச்சு வேலையை ஒரே நாளில் முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் தரையில் கோடு விழுந்துவிடும், பிறகு உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். புதன்கிழமை காலை பூசுவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை மதியம் கலவை போடுகிற மிக்ஸரை இறக்கி, தம்பி அதில் தண்ணீர் ஊற்றிக் கழுவ ஓடவிட்டிருந்தான். அது பழைய மிக்ஸர். ஓடினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். அந்தச் சத்தத்தில் டீச்சரை ஓரமாக அழைத்துப் போய், காதருகே சொன்னேன்.

"என்னால இதைப் போட முடியாது டீச்சர். நான் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்தேன், சொல்லவும் மாட்டேன். ஆனா உங்க காலைக் கிழிக்கிற தரையை என் கையால பூச மாட்டேன். நாளைக்கு வேற ஆளை வெச்சுப் பூசிக்கச் சொல்லுங்க."

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸரைப் பார்த்தார், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த நான்கு பலகைகளைப் பார்த்தார்.

"அந்த மிக்ஸரை நிறுத்தாம இருக்கச் சொல்லுங்க" என்றார்.

பிறகு, "என்னங்க, இங்க வாங்க" என்று கணவரைக் கூப்பிட்டார். குளத்தின் சரிவில் பலகைகளை வரிசையாக வைக்கச் சொன்னார். செருப்பைக் கழற்றினார், காலை நனைத்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"கடைசியா ஒரு தடவை பரீட்சை எழுதிடறேன்" என்றார், மிக்ஸர் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி.

முதல் பலகை கூழாங்கல். அதன் மேல் ஏறி நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

"இது வழவழப்பு."

லிஃப்டுக்காரர் சிரித்தார். "சரிதான், சரிதான், நடத்துங்க" என்றார்.

அடுத்தது வழவழப்பான பலகை. ஏறினார். காலை அப்படியும் இப்படியும் நகர்த்தினார். "இது உங்க கூழாங்கல்லா?" என்று கேட்டார். கேலியே இல்லாத கேள்வி. மூன்றாவதில் நின்றபோது, நிற்பது பலகையிலா, தரையிலா என்றே தெரியவில்லை என்றார். நான்காவது பலகைக்கு வழி தெரியாமல் கையைத் துழாவினார். கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

லிஃப்டுக்காரரின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோனதை நான் பார்த்தேன். அதைப் பார்த்திருக்க வேண்டாம் என்று இப்போதும் தோன்றுகிறது. தம்பி, யாரும் சொல்லாமலேயே மிக்ஸரை நிறுத்தினான்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் லிஃப்டுக்காரர்.

"ஒன்றரை வருஷம்."

"நான் தினமும் கேட்டேனே. கால் எப்படி இருக்குன்னு தினமும் கேட்டேனே."

"கேட்டீங்க. நீங்க கேக்கற விதத்துல, நல்லா இருக்குன்னு மட்டும்தான் பதில் சொல்ல முடியும்."

அவர் அந்தச் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டார். இஸ்திரி போட்ட வேட்டியில் சிமென்ட் தூசி ஒட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை. "மூடிடலாம். மண்ணைப் போட்டு மூடிடலாம்" என்றார்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, செருப்பைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் காலில் மாட்டிக்கொண்டார். ஒன்றரை வருடமாகப் பயந்த வார்த்தை வந்துவிட்டது, அவ்வளவுதான் என்பதுபோல இருந்தது அவர் நின்ற நிலை. எனக்குத் தாங்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் நான் என்றைக்கு மூடியிருக்கிறேன்?

"ஏன் சார், ஒரு லிஃப்டுல பிரேக் சரியில்லைன்னா, கட்டடத்தையே இடிச்சிடச் சொல்வீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடம் பார்த்த வேலையைப் பற்றி யாரோ தப்பாகப் பேசினால் வருகிற ரோஷம் அந்தக் கண்ணில் தெரிந்தது.

"இடிக்கறதாவது? எந்த லிஃப்டும் ஒத்தைக் கம்பியில தொங்கறதில்லம்மா. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு தாங்கும். அப்படித்தான் கட்டுவாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். டீச்சரின் காலைப் பார்த்தார், பிறகு அவர் கையைப் பார்த்தார். எழுந்து போய் அந்தக் கையை எடுத்து, உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார்.

"இது தெரியுதா?"

"கை நல்லாதாங்க இருக்கு."

"லிஃப்டுல கண்ணு தெரியாதவங்களுக்குப் பொத்தான்ல புள்ளி வைக்கச் சொல்லுவோம்" என்றார் என் பக்கம் திரும்பி. "விரலால தொட்டா எந்த மாடின்னு தெரியும். அவ எந்த ஆழத்துல நிக்கிறான்னு கைக்குத் தெரியற மாதிரி, விளிம்புல ஏதாவது பண்ண முடியுமா?"

அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. அளவு டேப்பைப் பிடுங்கினேன்.

புதன்கிழமை பூச்சு வேலை நடக்கவில்லை. அதற்குப் பதிலாக, சரிவின் இடது பக்க விளிம்பின் மேல் ஒரு குட்டைச் சுவர் எழுப்பினோம். தண்ணீர் தொடங்குகிற இடத்தில் டீச்சரின் இடுப்பு உயரம். தரை எவ்வளவு சரிகிறதோ, சுவரின் மேல்பக்கமும் அவ்வளவே சரிந்துகொண்டு போகும். இருபத்துநான்கு அடி தாண்டினால் சுவர் தேய்ந்து, தண்ணீர் மட்டத்தில் விளிம்போடு விளிம்பாகிவிடும். நடக்கிறவரின் கை ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், இடுப்பிலேயே இருக்கும். தண்ணீர் வந்து கையைத் தொட்டால் இடுப்பளவு ஆழத்துக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். அந்த இடத்துக்கு டீச்சரின் உயரத்தை மூன்று தடவை அளந்தேன், லிஃப்டுக்காரர் நான்காவது தடவை அளந்தார்.

சுவரின் தலையில் என்ன பதிப்பது என்பதில் அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை. நல்ல சண்டை, வெகுநாள் கழித்துப் போடுகிற சண்டை மாதிரி இருந்தது. ஒவ்வோர் அடி ஆழத்துக்கும் கைக்கு வேறு மாதிரி தெரிய வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். கடைசியில் முதல் அடி ஆழம்வரை கூழாங்கல், இரண்டாவதுக்குக் கண்ணாடிச் சில்லு, மூன்றாவதுக்கு வழவழப்பான வெள்ளைக் கல் என்று முடிவானது. கூழாங்கல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது டீச்சர்.

"அஞ்சு கடைக்குப் போன் பண்ணி வாங்கியிருக்கார். வீணாப் போகலாமா?" என்றார். சரக்கு இல்லை என்று நான் சொன்ன பொய் லிஃப்டுக்காரருக்கு எப்போது புரிந்ததோ தெரியவில்லை. என் பக்கம் திரும்பி, "மூணு மாசம் ஆகும்னு சொன்னீங்களேம்மா" என்றார். நான் தம்பியிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன்.

கறுப்புக் கல்லை வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினேன். வெயிலில் சூடேறாத வெளிர்க் கல்லை, ஓரம் உருட்டி, சுற்றிலும் பதித்தோம். தரைக்கு நைசான மணல் பூச்சு. பூசி முடித்த அன்று, தரை முழுவதையும் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே முட்டி போட்டு நகர்ந்தேன். ஓர் இடத்தில்கூட எதுவும் துருத்தவில்லை. அப்படி ஒரு தரையை அதற்கு முன் பூசியதில்லை என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

தண்ணீர் நிரப்பிய பிறகு ஒரு காலையில் எங்களைக் கூப்பிட்டார்கள். டீச்சர் நீலக் குல்லாயும் நீச்சல் உடையும் போட்டு, காலில் ரப்பர் செருப்போடு நின்றிருந்தார். செருப்பை மாட்டிவிட்டது லிஃப்டுக்காரர். மாட்டுவதற்கு முன், உள்ளே ஒரு மணல் துகள்கூட இல்லை என்று அவர் விரல் விட்டுப் பார்த்ததை நான் கவனித்தேன். பிறகு அவர் கை, பழக்கதோஷத்தில், டீச்சரின் முழங்கைக்குப் போனது. பாதி வழியில் நின்றது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

டீச்சர் சுவரின் மேல் இடது கையை வைத்தார். கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் மூடிக்கொண்டார்.

"கூழாங்கல்" என்றார், நடந்துகொண்டே. அவசரமே இல்லை. லிஃப்டுக்காரர் குளத்துக்கு வெளியே, சுவருக்கு அந்தப் பக்கமாக, அவரோடு சேர்ந்து ஒவ்வோர் அடியாக நடந்தார். "இப்ப கண்ணாடி." தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. "வெள்ளைக் கல்." இன்னும் நான்கைந்து அடி நடந்தார், நின்றார். "கை நனைஞ்சுதுங்க" என்றார்.

அதோடு கையை எடுத்துவிட்டார். முன்னால் சாய்ந்தார். அவ்வளவுதான். தண்ணீரில் சத்தமே வரவில்லை. இத்தனை நாள் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்த அந்த அம்மாள், கண் இமைப்பதற்குள் அந்தக் கடைசிக்குப் போய், திரும்பி, மல்லாந்து, இந்தக் கடைசிக்கு வந்துகொண்டிருந்தார். அங்கே அவர் காலுக்கும் என் காலுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. வித்தியாசம் இருந்தால், அது எனக்குத்தான் குறைச்சல். என் கண் கலங்கிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று தம்பியைத் திட்டலாமென்று திரும்பினேன், அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் லிஃப்டுக்காரரைக் காணவில்லை என்று கவனித்தேன். அவர் சரிவின் தொடக்கத்துக்குப் போயிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரின் மேல் கையை வைத்து, ஒவ்வோர் அடியாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். கூழாங்கல் தாண்டி, கண்ணாடி தாண்டி, வெள்ளைக் கல்லுக்கு வந்தார். கை நனைகிற இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். விரல்கள் கல்லை இறுக்கிப் பிடித்திருந்தன.

"என்ன சார், தரை சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"தரை நல்லா இருக்கும்மா. கால் எல்லாத்தையும் சொல்லுது" என்றார், தண்ணீரையே பார்த்தபடி. "எனக்கு நீச்சல் தெரியாது. முப்பத்தோரு வருஷமா இவ கூப்பிட்டா. நான் ஒரு நாளும் இறங்கினதில்ல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தண்ணீரென்றால் குலை நடுங்குகிற மனுஷன், மனைவிக்காக வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டியிருக்கிறார்.

டீச்சர் நீந்தி வந்து அவருக்கு எதிரே நின்றார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். காலால் தரையைத் தேட முடியாதவர் என்பதால், ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவர் முழங்கைக்குக் கீழே கொடுத்தார்.

"மூச்சை உள்ள இழுங்க" என்றார். கிடங்கில் நான் கேட்ட குரல் இல்லை அது, இருபத்தைந்து வருடம் பிள்ளைகளை மிரட்டிய குரல். "பிடிச்சிருக்கேன். கையை எடுங்க."

அவர் சுவரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். மூன்றாவது தடவை இழுத்துப் பார்க்கவில்லை, கையை எடுத்துவிட்டார்.